சித்தப்பா கற்ற லூப்

தாலுகா அலுவலகத்தில் ஓய்வுபெற்றவருக்கு ஜாவாஸ்கிரிப்ட் சொல்லித்தருவதில் ஒரு வசதி உண்டு. வரிசை எண், பதிவேடு எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு சங்கடமும் உண்டு. எந்த விதியின்படி என்று கேட்காமல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார். என் சித்தப்பா அந்த ரகம்.

ஃபார் லூப்பின் மூன்று பகுதிகளைச் சொன்னேன்: ஐ என்ற எண்ணியை எங்கே தொடங்குவது, எதுவரை ஓடுவது, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் என்ன செய்வது.

"ஐ ஏன்டா பூஜ்ஜியத்துல ஆரம்பிக்குது?"

அர்ரேயில் முதல் உறுப்பின் எண்ணே பூஜ்ஜியம்தான் என்றேன்.

"அப்போ அஞ்சு பேர் பட்டியல்ல அஞ்சாம் நம்பர் யாரு?"

யாருமில்லை. கேட்டால் 'அன்டிஃபைன்ட்' என்று வரும்.

"ஆளே இல்லாட்டியும் பதில் வருதா? பரவாயில்லையே!"

அடுத்து வைல் லூப். எண்ணைக் கூட்டும் வரியை விட்டுவிட்டார். டேப் அப்படியே உறைந்துபோனது. பட்டனை அழுத்தினால் அசையவில்லை. பக்கத்தின் ஸ்கிரிப்ட் ஒரே திரெட்டில் ஓடுகிறது, லூப் முடியாமல் கிளிக்குக்கு முறை வராது என்று விளக்கப் படம் வரையத் தொடங்கினேன்.

"ஒரே கிளார்க். கவுன்டர்ல நிக்கிற ஆளு நகர மாட்டேங்கிறான். அவ்வளவுதானே?"

பேனாவை மூடி வைத்தேன்.

வம்பு வந்தது, மாறியை அறிவிக்கும் 'வார்' வடிவில். மூன்று சுற்று லூப்புக்குள் செட்டைம்அவுட் வைத்து, ஒரு விநாடி கழித்து ஐயை அச்சிடச் சொன்னார். 0, 1, 2 வரவேண்டிய இடத்தில் 3, 3, 3. வாரில் எல்லாச் சுற்றுக்கும் ஒரே ஐ. டைமர் வந்து பார்க்கும்போது லூப் முடிந்து அது 3 ஆகியிருக்கும். 'லெட்' போட்டால் சுற்றுக்கு ஒரு புது ஐ கிடைக்கும்.

"லெட் முதல்லேயே இல்லையா?"

1995இல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் 10 நாளில் மொழியின் முதல் வடிவத்தை எழுதினார், லெட் 2015இல்தான் தரத்தில் சேர்ந்தது என்றேன்.

"பத்து நாள்ல போட்ட ஆர்டருக்குத் திருத்தம் வர இருபது வருஷமா?" சித்தப்பா முகம் மலர்ந்தது. "நம்ம டிபார்ட்மென்ட்டேதான்!"

கடைசியாக ஃபார்ஈச். தொடங்கினால் கடைசி உறுப்புவரை போகும், நடுவில் பிரேக் போட்டால் சிண்டாக்ஸ் எரர் என்றேன்.

"நடுவுல நிறுத்தவே முடியாதா? அடப்பாவமே, கேக்கறவன் கதி?" என்றவர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தான் தேர்தல் டியூட்டி பார்த்த ஒவ்வொரு பூத்தையும் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.