தியாகச் செம்மலுக்கு ஒரு வாழ்த்துமடல்

அண்ணே, உங்களை வாழ்த்த வயதில்லை, இருந்தாலும் வாழ்த்தாமல் இருக்க முடியவில்லை.

மகனுக்குக் கலந்தாய்வில் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் சிவில் கிடைத்தது. 1945இல் தொடங்கிய கல்லூரி. கட்டணமும் கைக்கு அடக்கம். வேறொருவராக இருந்தால் பழனிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டுச் சேர்த்திருப்பார். நீங்கள் அசரவில்லை. "பில்டிங்கைப் பாத்தீங்களா?" என்ற ஒரே கேள்வியில் முடித்துவிட்டீர்கள். கட்டடத்தைப் பார்த்தே கல்வியை எடைபோடும் கண் எல்லோருக்குமா வாய்க்கும்? மச்சினர் மகன் படிக்கும் அதே சுயநிதிக் கல்லூரி, அதே கம்ப்யூட்டர் சயின்ஸ், மேனேஜ்மென்ட் கோட்டா. பையனிடம் கேட்டு நேரத்தை வீணாக்கவும் இல்லை.

அட்மிஷன் அறையில் நீங்கள் காட்டிய பண்பை என்னவென்று சொல்ல! குளுகுளு ஏ.சி., கையில் ஃபில்டர் காபி, எதிர்ச் சுவரில் பெரிய சம்பளத்துக்கு வேலை கிடைத்த ஒரே ஒரு மாணவரின் ஆளுயரப் படம். கூடப் படித்த மற்றவர்கள் எங்கே என்று கேட்டுக் கல்லூரிக்காரர்களைச் சங்கடப்படுத்தவில்லை. கட்டணத்துக்கு ரசீது தந்தார்கள். மீதித் தொகையை மஞ்சள் துண்டுச் சீட்டில் எழுதி, எண்ணி வாங்கியதும் அதைக் கிழித்துக் கூடையில் போட்டார்கள். நன்கொடை வசூலைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1992லேயே வந்துவிட்டது. அதை நினைவூட்டிக் கல்வித் தந்தையின் மனதை நோகடிக்காத பெருந்தன்மைக்கே உங்களுக்குச் சிலை வைக்கலாம்.

வங்கியும் உங்களை நன்றாகவே புரிந்துகொண்டது. கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வழக்கமாகச் சொத்துப் பத்திரம் கேட்பார்கள். (தெரிந்தேதான் ஏழரை என்று வைத்தார்களோ!) அப்பா கட்டிய வீட்டின் பத்திரத்தைப் பிளாஸ்டிக் கவரோடு நீட்டினீர்கள். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம். வட்டி மட்டும் அதன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். திருப்பிக் கட்ட 15 ஆண்டு வரை அவகாசம். நீங்கள் ஓய்வுபெற ஆறு ஆண்டுதான் இருக்கிறது என்றாலும், இணைக் கடனாளி என்ற இடத்தில் கை நடுங்காமல் கையெழுத்துப் போட்டீர்கள். பெரிய ஐ.டி. நிறுவனங்கள் புதிதாகச் சேரும் பெரும்பாலோருக்குத் தரும் சம்பளம் பல வருடங்களாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. இந்தக் கணக்கெல்லாம் போட்டுப் பார்ப்பது பாசமில்லாதவர்கள் வேலை. அண்ணியின் நகையும் அடகுக் கடைக்குப் போனதாகக் கேள்வி. போகட்டும், கல்யாண வீடுகளில் "பையன் எங்கே படிக்கிறான்?" என்று கேட்டால் தலைநிமிர்ந்து சொல்லலாம். அந்த ஒரு வரிக்கு அவ்வளவு கொடுத்தவர் ஊரில் நீங்கள்தான்.

பையனை விட அதிக மதிப்பெண் வாங்கும் மகளுக்கு, ஊரில் இருக்கும் அரசு கலைக் கல்லூரியே போதும் என்று இப்போதே சொல்லிவிட்டீர்களாம். என்ன ஒரு சிக்கனம்! ஆறாம் வகுப்பிலிருந்து அவளை அரசுப் பள்ளியில் படிக்கவைத்ததும் நல்லதாய்ப் போயிற்று. கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப்பெண் திட்டத்தில் அவளுக்கு மாதம் 1,000 ரூபாய் வரும். உங்கள் வீட்டில் படிப்பால் பணம் வரப்போவது அவள் ஒருத்திக்குத்தான்.