கால் தேயட்டும் தம்பி

கொட்டாஞ்சேனையில வீடு வாங்கப் போறியாமே தம்பி? நல்ல காரியம். லோயர் வேணாமாம். உறுதியை நீயே எழுதிக்குவியாம். எல்லாம் போன்ல பார்த்துப் படிச்சாச்சாம். பிறகென்ன, புதுக்கடைக் கோர்ட்டை நாளைக்கே இழுத்து மூடிடலாம்.

லண்டன்ல உன் மச்சான் வீடு வாங்கினப்போ எல்லாத்தையும் தானே எழுதினானா? எழுதியிருப்பான். அந்த ஊர்ல விடுவாங்க. இங்க 1840ஆம் வருசத்து 7ஆம் இலக்கச் சட்டம் குறுக்கே நிக்குது. மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம். நொத்தாரிசும் ரெண்டு சாட்சியும் ஒரே நேரத்தில முன்னால இருக்க, கையெழுத்து வைக்கணும். இல்லாட்டி விற்பனை செல்லாது. போட்ட வெள்ளைக்காரன் போயிட்டான். சட்டம் போகல்ல. நீ அச்சடிச்ச கலர்த் தாளுக்கு அது பயப்படுமா?

சலூன் காசை மிச்சம் பிடிக்கத் தன் பிடரியைத் தானே வழிச்சவனை ஜிந்துப்பிட்டிச் சந்தியில பார்த்திருக்கேன். முன்பக்கம் ராசாதான்.

சட்டம் விடாத வேலைக்குத் துடிக்கிற. விட்டிருக்கிற வேலையில ஒண்டையாவது தொட்டியா? காணிக் கந்தோருக்குப் போய் ஏட்டைப் பார்த்தியா? முப்பது வருசத்து உறுதியை வரிசையா வாங்கிப் பார்த்தியா? வீடு எங்கயாவது ஈட்டில கிடக்கா? சோலைவரி கட்டின ரசீது எங்க? பிளானில இருக்கிற சுவர் நிலத்திலயும் அங்கதான் நிக்குதா? தொடர்மாடின்னா பராமரிப்புக் காசு பாக்கி இருக்கா?

உள்ள யாரு இருக்கான்னு கேட்டியா? 1972ஆம் வருசத்து வாடகைச் சட்டத்துக் காப்பில இருக்கிறவன்னா, வீடு கைமாறும், அவன் அசைய மாட்டான். வாடகையும் இல்லாம, யார் அனுமதியும் இல்லாம 10 வருசம் தடையில்லாம ஆண்டவன், எனக்குத்தான் சொந்தம்னு வழக்கே போடுவான். இதெல்லாம் போன் சொல்லுமா? பக்கத்து வீட்டு ஆச்சி சொல்லுவா. ஒரு பிளேன்டி குடிச்சிட்டுக் கேளு.

நொத்தாரிசு கூலி உறுத்துது, சரி. முத்திரைத் தீர்வையைக் கணக்குப் போட்டியா? முதல் லட்சத்துக்கு நூத்துக்கு 3, மிச்சத்துக்கு நூத்துக்கு 4. ஒரு கோடி வீட்டுக்கு 399,000 ரூபா. அதுவும் வாங்கிறவன் தலையில. விலையைக் குறைச்சு எழுதலாம்னு கண்ணடிக்காத. தீர்வை எடுக்கிறவங்களுக்கும் மதிப்புப் போடத் தெரியும்.

விக்கிறவர் கையோட கூட்டிட்டு வாற நொத்தாரிசை நம்பி உக்காராத. உனக்குன்னு ஒருத்தரை நீ பிடி. உறுதி முடிஞ்சதும் பிரேம் போட்டு மாட்டவும் ஓடாத. பதிவாச்சான்னு பாரு. 1927ஆம் வருசத்து 23ஆம் இலக்கச் சட்டம் அதுக்குத்தான். உன் உறுதி பதியாமக் கிடக்க, அதே வீட்டை இன்னொருத்தன் பிறகு காசு குடுத்து வாங்கி முந்திப் பதிஞ்சான்னு வை. கள்ளமோ கூட்டுச் சதியோ இல்லாட்டி அவன்தான் முந்தி. நீ பால் காய்ச்சினது எந்த ஏட்டில ஏறும்?

எழுதிறதை நொத்தாரிசுகிட்ட விடு. பார்க்கிறதை யார்கிட்டயும் விடாத. காணிக் கந்தோர் எத்தனை மணிக்குத் திறக்கும்னு தெரியாதா? அதைத்தான் ராசா போன்ல பார்க்கணும்.