புலிகேசி கடைசி பாகம்: தேறியதா, தேறலையா?

2006-ல் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'யைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு ஒரு பாக்கி இன்னும் வர வேண்டியிருக்கிறது. சிம்புதேவன் இயக்கி, ஷங்கர் தயாரித்து, வடிவேலு இரட்டை வேடம் கட்டிய அந்தப் படத்துக்கு அடுத்த பாகம் என்று 2017-ல் போஸ்டர் வந்தது. பின்னாலேயே பஞ்சாயத்தும் வந்தது. 2021-ல் பஞ்சாயத்து தீர்ந்தது, படம் மட்டும் வரவில்லை. வடிவேலு 2022-ல் 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' என்று வேறு வேலையாகக் கிளம்பிவிட்டார். இருபத்து நாலாம் புலிகேசிக்குப் பட்டாபிஷேகமே நடக்கவில்லை.

போகட்டும். புலிகேசி காமெடியின் ஒரிஜினல் தொடர் ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளிலேயே இந்தப் பக்கம் ஓடியாயிற்று, கடைசி பாகம் உட்பட. அசல் சாளுக்கியரில் புலிகேசிகள் மொத்தமே இரண்டு பேர்தான். இரண்டுக்கு அடுத்தது இருபத்து மூன்று என்று நம்பர் போட்டால் சிறுசேரி சிப்காட்டில் டெஸ்டிங் டீம் சும்மா விடாது. ராஜ வம்சத்தில் யார் கேட்பது? அதே சிறுசேரிக்காரர்கள் லொகேஷனுக்கு நடுவில்தான் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். தெற்கே திருப்போரூர் தாண்டிப் போனால் ஹீரோ பெயரிலேயே ஓர் ஊர், மாமல்லபுரம். மேற்கே வண்டலூர் சாலையைப் பிடித்து முடிச்சூரைத் தாண்டினால் சண்டைக்காட்சி நடந்த மணிமங்கலம்.

முதல் பாகத்தில் காஞ்சியை ஆண்டவர் பல்லவர் மகேந்திரவர்மர். காமெடி நாடகம் எழுதிய ராஜா என்று இந்த ஊரில் காட்ட முடிகிற ஆள். அவருடைய 'மத்தவிலாச'த்தில் ஒரு குடிகாரக் காபாலிகன், வறுத்த கறியோடு தன் மண்டையோட்டுப் பாத்திரத்தைத் தொலைத்துவிட்டு, வழியில் போன பௌத்த பிட்சுவைத் திருடன் என்று பிடித்துக்கொண்டு காஞ்சித் தெருவையே ரகளையாக்குகிறான். எடுத்தது நாய். தமிழ்நாட்டுக் காமெடியில் நாய்க்குக் கால்ஷீட் அப்போதே கிடைத்திருக்கிறது.

இந்த மனுஷர் மேல்தான் இரண்டாம் புலிகேசி படையெடுத்து வந்தார். ஜெயித்தது யார்? எங்கள் படை கிளப்பிய புழுதியில் பல்லவர் காஞ்சி மதிலுக்குப் பின்னால் போய் மறைந்தார் என்கிறது 634-ல் ஐஹொளேயில் ரவிகீர்த்தி வெட்டிய கல்வெட்டு. மகேந்திரர் புள்ளலூரில் எதிரிகளை நொறுக்கினார் என்கிறது பல்லவர் தரப்புக் காசாக்குடிச் செப்பேடு. எந்த எதிரி என்று மட்டும் பெயர் போடவில்லை. ரிலீஸான மறுநாளே இரண்டு தரப்பும் 'மாபெரும் வெற்றி' போஸ்டர் ஒட்டுகிற வழக்கம் கோடம்பாக்கத்துக்கு எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் ஆராய வேண்டாம். (புள்ளலூர் ராசியான லொகேஷன். 1780-ல் ஹைதர் அலியும் திப்புவும் கும்பினிப் படையைச் சுருட்டியதும் அங்கேதான்.)

இரண்டாம் பாகம்தான் தொடரிலேயே உச்சம். மகேந்திரர் மகன் நரசிம்மவர்மர், அதாவது நம் ஹீரோ மாமல்லர், வருகிறார். பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்று வரிசையாக சண்டை. தோற்று ஓடிய புலிகேசியின் முதுகையே பட்டயமாக்கி அதில் 'விஜயம்' என்று எழுதினார் என்கிறது கூரம் செப்பேடு. யோசித்துப் பாருங்கள்: ஓடுகிறவர் முதுகில் எழுத வேண்டும் என்றால் எழுதுகிறவரும் அதே வேகத்தில் ஓட வேண்டும். இந்தக் காட்சி வடிவேலுவுக்குக் கிடைக்காமல் போயிற்றே! 642-ல் சாளுக்கியர் தலைநகர் வாதாபி விழுந்தது, ஊர் பெயரே பட்டமாகி நரசிம்மர் 'வாதாபி கொண்டான்' ஆனார்.

மூன்றாம் பாகம் சுமார், ஆனால் ஒரு சீன் உண்டு. புலிகேசி மகன் விக்கிரமாதித்தர் பழிவாங்க வருகிறார். பெருவளநல்லூரில் பல்லவர் பரமேசுவரவர்மர் அவரை விரட்டியபோது, லட்சக்கணக்கில் படை வைத்திருந்தவர் ஒரே ஒரு கந்தலைச் சுற்றிக்கொண்டு ஓடினாராம். இதுவும் கூரம் செப்பேடுதான். அதை எழுதியவருக்குக் காமெடி டிராக் கைவந்த கலை. சாளுக்கியர் செப்பேட்டிலோ அதே விக்கிரமாதித்தர் காஞ்சியைப் பிடித்துவிட்டு, 674-ல் காவிரிக் கரையில் உறையூரில் ஜம்மென்று கூடாரம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். காஸ்ட்யூம் கந்தலா, பட்டா என்பது எந்தத் தியேட்டரில் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கடைசி பாகத்துக்கு வருவோம். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் விக்கிரமாதித்தர் நிஜமாகவே காஞ்சிக்குள் நுழைந்துவிட்டார். நூறு வருஷப் பகை, விழுந்த வாதாபி, முதுகு, கந்தல் எல்லாவற்றுக்கும் கணக்குத் தீர்க்கப்போகிறார் என்று சீட்டு நுனியில் உட்கார்ந்தால், ஐயா கைலாசநாதர் கோயிலைப் பார்த்து மெய்மறந்து, கோயில் பொன்னையெல்லாம் கோயிலுக்கே கொடுத்துவிட்டு, அதைக் கன்னடத்தில் அங்கேயே கல்லில் வெட்டிவிட்டுப் போய்விட்டார். நல்ல மனுஷர், சந்தேகமில்லை. ஆனால் முதுகில் எழுதிய தொடருக்கு இதுவா கிளைமாக்ஸ்? தேறலை என்றுதான் என் தீர்ப்பு. வீட்டம்மா லோகமகாதேவி பட்டடக்கல்லில் விரூபாட்சர் கோயில் கட்டினார். அதில் காஞ்சி கைலாசநாதர் சாயல் அப்பட்டம். பழிவாங்கப் போன இடத்தில் ரீமேக் ரைட்ஸ் வாங்கி வந்த குடும்பம்.

அதற்கடுத்த தலைமுறையில் ராஷ்டிரகூடர் தந்திதுர்க்கர் புகுந்து சாளுக்கியர் கடையையே மூடிவிட்டார். இரண்டு தரப்பு செட்டும் இன்னும் கலையாமல் நிற்கிறது. மாமல்லபுரத்திலும் பட்டடக்கல்லிலும் டிக்கெட் கிழித்துக் கல்லா கட்டுவது இந்தியத் தொல்லியல் துறை.