ஈரக்காலும் ஆத்தங்குடிக் கல்லும்: ஒரு தடய ஆய்வு

கிணற்றடியில் கால் கழுவிவிட்டு, துடைக்காமல் வளவுக்குள் நடந்தவர் யார்? காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் இவ்வழக்கே ஆய்வுப்பொருள். களம், ஆத்தங்குடிக் கல். கண்ணாடிமேல் வண்ணச் சிமென்ட் ஊற்றி, சூளைக்கே போகாமல் தண்ணீரில் ஊறவைத்து எடுத்த வழவழப்பான கல். பொய்சாட்சி சொல்லத் தெரியாது.

இத்துறையின் மூத்த அறிஞர் எங்கள் அப்பத்தா. குனிந்து தடத்தைப் பார்ப்பார். குதிகாலுக்கு ஒரு வட்டம், வெளியோரமாக ஒரு பட்டை, முன்னால் ஐந்து சொட்டு; உட்பக்கம் கல்லில் இருக்கும் பூ நனையாமல் தெரிந்தால் அது அண்ணன். பூ முழுகியிருந்தால், "ஏ தட்டைக்காலு, வாடா இங்க!"

அண்ணனின் பூ தப்பியதற்குக் காரணம் கெண்டைக்காலில் இருக்கிறது. ஒரு பாதத்துக்கு 26 எலும்பு. வளைவு மூன்று: உள்ளோரம் ஒன்று, வெளியோரம் ஒன்று, குறுக்கே ஒன்று. எங்கள் வீட்டைத் தாங்கத் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. உள்வளைவைத் தாங்கும் ஆள் உள்ளூர்தான். கெண்டைச் சதைக்கு அடியில் ஆழத்தில் கிடக்கும் ஒரு தசை, தன் நாணை உள் கணுக்காலுக்குப் பின்னால் இறக்கி, பாதத்தின் அடியில் கட்டித் தூக்கிப் பிடிக்கிறது. அந்தப் பிடி தளர்ந்தால் வளைவு உட்காரும்.

பெருவிரலை மேலே மடக்கினால் உள்ளங்கால் பட்டை இழுபட்டு வளைவு உயரும். இதை ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் 1954இல் எழுதினார். உருளையில் கயிறு சுற்றச் சுற்ற வாளி மேலே வருகிற அதே கணக்கு. எங்கள் கிணறு அவருக்கு மூத்தது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

வளர்ந்தபின் மேல்முறையீடு செய்தேன். ராவும் ஜோசப்பும் 1992இல் வெளியிட்ட ஆய்வில், 2300 இந்தியக் குழந்தைகளின் கால்தடங்களைப் பார்த்திருக்கிறார்கள். செருப்புப் போட்டவர்களில் 8.6 சதவீதம் தட்டைக்கால்; வெறுங்காலில் திரிந்தவர்களில் 2.8தான். ஆகவே குற்றம் செருப்பினுடையது என்றேன்.

"செருப்பு வாங்கினது ஒங்க அப்பச்சி. ஈரத்தோட வந்தது நீயி."

விடவில்லை. கோகுலாஷ்டமிக்கு அப்பத்தா மாக்கரைசலில் கைமுட்டியைத் தோய்த்துக் கண்ணன் பாதம் பதித்தபோது, ஒவ்வொன்றிலும் எடுப்பான வளைவு. தவழ்கிற பிள்ளைக்கு உள்ளங்காலில் கொழுப்பு மெத்தை நிறைந்திருக்கும், வளைவே தெரியாது, கண்ணனும் தட்டைக்கால்தான் என்று எடுத்துக்காட்டினேன்.

அப்பத்தா தலை நிமிரவில்லை. "அவன் வந்துட்டுப் போனா நாந்தான் தொடைக்கிறேன். ஒன்னோடத நீ தொடை."


துணி கதவுக்குப் பின்னால் இருந்தது.