செசபீக் விரிகுடாவில் கையசைத்தல்: ஓர் ஆய்வு

உல்லாச மோட்டார் படகில் செல்வோர் எதிர்ப்படும் படகைக் கண்டதும் கையசைப்பது, அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் வேரூன்றிய வழக்கம். மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களினூடே சுமார் 320 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இந்நீர்ப்பரப்பில் முன்பின் அறியாதவர்களும் தவறாமல் கையசைத்துக்கொள்கின்றனர். அவர்களே கரையேறிப் பெட்ரோல் பங்கில் அடுத்தடுத்து நின்றால் ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஆகவே இவ்வழக்கத்தின் ஊற்று மனிதரிடம் இல்லை, படகில்தான் இருக்கிறது.

நேருக்கு நேர் வரும் மோட்டார் படகுகள் தத்தம் வலப்பக்கம் விலக வேண்டும் என்பது கடல்வழி விதி. அப்படி விலகும்போது எதிர்ப்படகு இடப்பக்கமாகக் கடக்கும். சிறு படகுகளில் பெரும்பாலும் ஸ்டியரிங் வலப்புறத்திலும், வேகக் கைப்பிடி அதற்கும் வலப்பக்கத்திலும் இருக்கும். வலக்கை வேகத்துக்குப் போய்விட, அசைக்க எஞ்சுவது ஸ்டியரிங்கைப் பிடித்த இடக்கை. மரியாதையும் திசையும் ஒரே கையில் சிக்கியிருக்கும் இந்நிலை போதிய கவனம் பெறவில்லை. விருந்தினரை ஏற்றிச் செல்வதன் உண்மைப் பயன் இங்கேதான் விளங்குகிறது: அசைப்பது அவர்கள் பொறுப்பு.

எல்லோரும் ஒரே மாதிரி அசைப்பதில்லை. விடியலிலேயே வந்து நண்டுப் பொறி தூக்கும் தொழிலாளி, தன் மிதவைக் கயிறுகளை உல்லாசப் படகின் உந்துவிசிறி அறுத்துவிடுமோ என்ற கவலையில் ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். பாய்மரக்காரருக்கு மோட்டார் படகு வழிவிட்டாக வேண்டும். வழியோடு அலையையும் சேர்த்துக் கொடுத்தவருக்குப் பதில் அசைப்பு கிடைப்பது அரிது. அனாபொலிஸ் நகரத் துறையில் 'ஈகோ ஆலி' என்று செல்லப்பெயர் பெற்ற குறுகிய நீர்ச்சந்து ஒன்று உண்டு. மறுமுனை அடைபட்டது, உள்ளே போகும் படகு திரும்பி வந்தே ஆக வேண்டும். கரையில் அமர்ந்திருப்போருக்குக் காட்சி தருவதைத் தவிர அங்கே செல்லப் பலருக்கு வேறு காரணம் கிடையாது. ஆகையால் அங்கு அசைப்பு இருமுறை நிகழ்கிறது: போகையில் கம்பீரமாக, திரும்ப இடமின்றித் திணறியபின் சற்றே அடக்கமாக.

விரிகுடாவின் சராசரி ஆழம் ஆறரை மீட்டர்தான். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இரண்டு மீட்டரைக்கூடத் தொடுவதில்லை. தரைதட்டுவது சகஜம்; அப்போது உதவி கேட்கவும் கையையே அசைக்கலாம். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக, திரும்பத் திரும்ப உயர்த்தித் தாழ்த்துவது சர்வதேச விதிகள் ஏற்ற ஆபத்துக் குறி. கோடை ஞாயிறுகளில் இக்குறியும் உற்சாகமான பதில் அசைப்பைப் பெற வாய்ப்பு மிகுதி. அனுபவசாலிகள் கையை நம்பாமல் வி.எச்.எஃப். வானொலியின் 16ஆம் அலைவரிசையில் பேசிவிடுகின்றனர்.