பெருக்காதீங்க

ஜெர்மனியில் கால் வைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மகள் முதல் உத்தரவைப் போட்டுவிட்டாள்: "அப்பா, பெருக்காதீங்க."

நான் வாயே திறக்கவில்லை. விமான நிலையக் கடையில் காபி 3 யூரோ 80 சென்ட் என்று எழுதியிருந்தது, பார்த்தேன், அவ்வளவுதான். உதடு மட்டும் லேசாக அசைந்திருக்கிறது. அதை வைத்தே பிடித்துவிட்டாள். முந்நூற்று எண்பது ரூபாய்!

2025 ஜூனில் யூரோ கிட்டத்தட்ட நூறு ரூபாயை ஒட்டி நின்றது. இது ரொம்ப ஆபத்தான எண். எண்பத்தேழு, தொண்ணூற்று மூன்று என்று ஏதாவது இருந்தால் பெருக்கி முடிப்பதற்குள் காபியைக் குடித்துவிடலாம். நூறு என்றால் இரண்டு சைபர் போட்டால் போதும், பார்த்த மாத்திரத்தில் வயிறு எரியும். அதிலும் நான் முப்பத்திரண்டு வருஷம் திருச்சியில் கூட்டுறவு வங்கிக் கணக்கராக இருந்தவன். மற்றவர்களுக்குப் பசி வருவதுபோல எனக்குப் பெருக்கல் வரும். ரயில் நிலையக் கழிப்பறைக்கு 1 யூரோ கேட்டார்கள். நூறு ரூபாய் கொடுத்தோமே என்று, வேலை முடிந்தும் கொஞ்ச நேரம் உள்ளேயே நின்றுவிட்டு வந்தேன்.

என் மனைவிக்கும் அதே உத்தரவுதான், அர்த்தம் மட்டும் வேறு. ஆகன் நகரில் மகளின் அறைக்குள் நுழைந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "துடைப்பம் எங்கடி?" இல்லை என்றாள் மகள். மிஷின் ஒன்று இருக்கிறதாம், உறிஞ்சிக்கொள்ளுமாம், அதையும் ஞாயிற்றுக்கிழமை போடக்கூடாதாம். ஜெர்மனியில் ஞாயிறு என்றால் கடை கிடையாது, சத்தம் கிடையாது. கட்டிலை இழுக்கக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது, கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். என் மனைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இரண்டாம் நாள் துருக்கிக்காரர் கடை ஒன்றில் நம் ஊர்ப் புல் துடைப்பத்தின் ஒன்றுவிட்ட அக்கா மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்து வாங்கிவந்துவிட்டாள். பாஷை தெரியாத ஊரில் துடைப்பத்தை எப்படிக் கேட்டாள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. விலையை என்னிடம் சொல்லவில்லை.

மகள் இங்கே படிக்க வந்த கதையே எனக்கு ஒரு பெருக்கல் கணக்குதான். அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் படிப்புக்குக் கட்டணம் இல்லை, பருவத்துக்கு முந்நூறு சொச்சம் யூரோ மட்டும் என்றார்கள். ஆஹா என்று குதித்தேன். அப்புறம்தான் முடக்கக் கணக்கு என்ற சமாச்சாரத்தைச் சொன்னார்கள். ஒரு வருஷத்துக்கு 11,904 யூரோவை முன்னாலேயே கட்டிவிட வேண்டும். அவர்கள் அதைப் பூட்டிவைத்து, மாசம் 992 யூரோ என்று பிள்ளைக்கு அளந்து கொடுப்பார்கள். என் பணம், என் பெண், நடுவில் ஒரு பூட்டு. எங்கள் வங்கியில் எத்தனையோ பேரின் கணக்கை நான் முடக்கிவைத்திருக்கிறேன். அவர்களில் யாரோ விட்ட சாபம்தான் இது.

ஊர் சுற்ற எங்கள் இருவருக்கும் தலைக்கு 58 யூரோவில் மாதச் சீட்டு எடுத்தாள். நாடு பூராவும் எந்த டவுன் பஸ்ஸிலும், டிராமிலும், சின்ன ரயிலிலும் ஏறலாம். அதிவேக ரயிலில் மட்டும் ஏறக்கூடாது. மாணவி என்பதால் அவளுக்குப் பருவக் கட்டணத்திலேயே அந்தச் சீட்டு அடக்கம். நான் மூன்றாம் நாளே 58-ஐ முதலெடுத்துவிட வேண்டும் என்று வெறியோடு ஏறி இறங்கினேன். வேலையே இல்லாமல் ஒரு டிராம் வண்டியில் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்திருக்கிறேன்.

கொலோன் நகரின் பெரிய கிறிஸ்தவக் கோயிலுக்குப் போனது அப்படித்தான். தென்கோபுரத்துக்கு 533 படி. பாதியில் மூச்சு வாங்கியபோது மகள் சொன்னாள்: "1248-ல ஆரம்பிச்சு 1880-லதான்பா கட்டி முடிச்சாங்க. நடுவுல முந்நூறு வருஷம் வேலை அப்படியே நின்னுபோச்சு. பாதிக் கோபுரத்து மேல மரத்துல செஞ்ச பாரந்தூக்கி மட்டும் நின்னுச்சாம்." எனக்கு உடனே சொந்த ஊர்க் கௌரவம் வந்துவிட்டது. ஸ்ரீரங்கத்தில் எப்போதோ தொடங்கி அரைகுறையாக நின்ற ராஜகோபுரத்தை, மொட்டைக் கோபுரம் என்று சொல்லிப் பார்த்து வளர்ந்தவன் நான். அது 236 அடி உயர்ந்து 1987-ல் கும்பாபிஷேகம் கண்டபோது கூட்டத்தில் நானும் நின்றேன். "நமக்கு நானூறு வருஷம் ஆச்சு" என்றேன். தாமதத்திலும் நாம்தான் முன்னால். மகளுக்குச் சிரிப்பு வந்தது. ஏறும்போது அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

ஆனால் அந்த நாட்டில் என்னைப் பைத்தியம் ஆக்கியது கோயில் இல்லை, காலி பாட்டில்.

முதல் வாரம், குடித்து முடித்த மூன்று தண்ணீர் பாட்டில்களை நல்ல பிள்ளையாக நசுக்கிக் குப்பையில் போட்டேன். மகள் அலறிவிட்டாள். ஒவ்வொரு பாட்டிலுக்கும் 25 சென்ட் முன்பணமாம். முழுசாகத் திருப்பிக் கொடுத்தால் காசு திரும்ப வருமாம். மலிவுக் கடையில் உள்ளே இருக்கிற தண்ணீரைவிடப் பாட்டிலுக்குத்தான் மதிப்பு அதிகம். எழுபத்தைந்து ரூபாயை என் கையாலேயே நசுக்கியிருக்கிறேன்!

அவள் வகுப்புக்குப் போனதும் மூன்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். சுவரில் வட்டமான ஒரு வாய். அதில் பாட்டிலைப் படுக்கப் போட்டால், உள்ளே உருட்டி உருட்டி முத்திரையைத் தேடுகிறது. பிடித்திருந்தால் விழுங்கும், பிடிக்காவிட்டால் துப்பும். என்னுடையதைத் துப்பியது. திருப்பிப் போட்டேன், மறுபடியும் துப்பியது. யோசித்தேன். மூடியைத் திறந்து, பாட்டிலின் வாயில் என் வாயை வைத்து, தம் கட்டி ஊதினேன். 'டொப்' என்று இடுப்பு நிமிர்ந்தது. போட்டேன். விழுங்கிவிட்டது! திரையில் 0.25. இரண்டாவதை ஊதும்போது கண்ணில் நீர் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் பின்னால் ஐந்து பேர் வரிசை. ஜெர்மானியர்கள் சிரிக்கவில்லை, நாதஸ்வரக் கச்சேரி கேட்பதுபோல மரியாதையாக நின்றார்கள். மூன்றாவது பாட்டில் கடைசிவரை மசியவில்லை. ஐம்பது சென்ட்டுக்கான சீட்டைப் பச்சைப் பொத்தானை அமுக்கி வாங்கிக்கொண்டேன். பணியில் இருந்த காலத்தில் எந்த வாராக்கடனை வசூலித்தபோதும் இவ்வளவு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

அன்றிலிருந்து நடக்கும்போது என் கண் தரையிலேயே இருந்தது. கொலோனில் ரைன் நதிக்கரைக் குப்பைத்தொட்டி ஒன்றின் பக்கத்தில் இரண்டு பாட்டில்கள் சும்மா நின்றன. ஐம்பது ரூபாய். எடுத்துவிட்டேன்.

"அப்பா, அதை வைங்க." இந்தத் தடவை அவள் குரல் வேறாக இருந்தது. "அது யாரும் விட்டுட்டுப் போனது இல்லைப்பா. தேவைப்படறவங்க குப்பைக்குள்ள கைவிட வேண்டாம்னு வெளியில வச்சிருக்காங்க."

வைத்தேன். கொஞ்ச நேரத்தில் என் வயசு மனிதர் ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் துணிப்பை. இரண்டையும் எடுத்துப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். அவர் பையில் மொத்தம் எத்தனை இருக்கும் என்று பெருக்க ஆரம்பித்தேன், நிறுத்திவிட்டேன். அந்தப் பயணத்தில் யாரும் சொல்லாமல் நானே நிறுத்திய ஒரே கணக்கு அது. அதற்கப்புறம் எங்கள் பாட்டில்களையும் தொட்டிக்குப் பக்கத்தில்தான் வைத்தோம். நசுக்காமல்.

கடைசி வாரம், ஆகனில் ஏறினால் மாறாமல் கொண்டுபோய் விடுகிற ரயிலில் ஹம் நகருக்குப் போனோம். ஊருக்கு வெளியே, தொழிற்பேட்டைக்கு நடுவில் காமாட்சி அம்பாள் கோயில். இலங்கைத் தமிழர்கள் எழுப்பி 2002-ல் கும்பாபிஷேகம் செய்தது. லாரி போகிற சாலையில் திரும்பினால் திடீரென்று 17 மீட்டர் ராஜகோபுரம். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அர்ச்சனைச் சீட்டின் விலையைப் பார்த்தேன். "அம்பாள்கிட்டயுமா?" என்று இடித்தாள்.

பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்து அம்மா சிரித்துவிட்டார். "எங்கயிருந்து வாறியள்?"

சொன்னேன். என் வியாதியையும் சொன்னேன்.

"நாங்களும் வந்த புதுசில அப்பிடித்தான். ஒரு பாண் வாங்கினாலும் எங்கட காசில பெருக்கிப் பாத்திட்டுத்தான் சாப்பிடுவம்."

"இப்ப விட்டுப்போச்சுங்களா?"

"எங்க விட்டது? இப்ப ஊருக்குப் போனா வகுக்கிறன்."

கிளம்புவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. மகள் நூலகம் போயிருந்தாள். ஊருக்குப் போகும்போது வீட்டைச் சுத்தமாக விட்டுப் போகவேண்டும் என்று என் மனைவி துருக்கித் துடைப்பத்தை எடுத்துவிட்டாள். ஞாயிறு என்று ஞாபகப்படுத்தினேன். "துடைப்பம் என்ன பேசவா போகுது?" என்றபடி கட்டிலுக்கு அடியில் விட்டு இழுத்தாள். ஒரு செருப்பு, இரண்டு ஹேர்பின், நீளமான ஒரு நோட்டுப் புத்தகம் வந்தன.

கணக்கு நோட்டு என்று அட்டையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதற்கு மேல் பிரிக்காமல் இருப்பது என் பிறவியிலேயே இல்லை. இடது பக்கம் யூரோ. வலது பக்கம், ஒவ்வொரு வரிக்கும் நேராக, ரூபாய். தக்காளி, பஸ், போன். 'முடி வெட்ட 28 = 2,800' என்று எழுதி அடித்து, பக்கத்தில் 'நானே' என்று எழுதியிருந்தாள். கடைசிப் பக்கத்தில், 'அப்பா அம்மா மாதச் சீட்டு 116 = 11,600'. அந்த வரியை மட்டும் அடிக்கவில்லை. கூட்டலில் ஏழு யூரோ விட்டுப்போயிருந்தது. சட்டைப்பைப் பேனாவுக்குக் கை போய்விட்டது.

கதவு திறந்தது. துடைப்பமும் கையுமாக அவள் அம்மா, நோட்டும் கையுமாக நான்.

"எத்தனை தடவை சொல்றது, பெருக்காதீங்கன்னு!"

"யாரைடி சொல்றே?" என்றாள் அவள் அம்மா.