மருமவனுக்கு லினக்ஸ் பிடிச்சிருக்கு

ஏலே மருமவனே, வா, இரி. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் பத்துக்கு ஆதரவு முடிஞ்சிட்டுன்னதும் வீராப்பா லினக்ஸ் மிண்ட் போட்டியாமே. ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்ச. இன்னைக்கு ஸ்கிரீனும் இருண்டு கெடக்கு, ஒம் மூஞ்சியும் இருண்டு கெடக்கு.

பென்டிரைவுல இருந்தே ஓட்டிப் பாத்துக்கோன்னு மிண்ட்காரன் ஓசியிலதான விட்டுருக்கான்? வைஃபை வருதா, சத்தம் கேக்குதான்னு பாக்க ஒனக்கு நேரமில்ல. பெரிய மைனருல்லா! டிஸ்க முழுசா அழிக்கட்டுமான்னு கேட்டதுக்கு ஆமான்னு தட்டிட்ட. கல்யாண போட்டோவும் அதோட போச்சு. ஒம் பொண்டாட்டிகிட்ட இன்னும் சொல்லலியாமே, சொல்லாத, சோறாவது கெடைக்கும்.

1991-ல பின்லாந்துல லினஸ் டோர்வால்ட்ஸ்னு 21 வயசுப் பய பொழுதுபோக்குக்குப் பண்ண ஆரம்பிச்ச சாமான் இந்த லினக்ஸ். ஒனக்கு அவனவிட வயசு கூடத்தான், அத விடு.

ஸ்கிரீன் இருண்டு கெடக்கே, கிராபிக்ஸ் கார்டு என்விடியாவா? அப்ப கேட்டு வாங்குன வரம்லா. கம்ப்யூட்டர் எந்திரிக்கும்போதே எஸ்கேப்ப ஒரு தட்டு தட்டு, கிரப் மெனு வரும். அங்க இங்கிலீசு 'ஈ'ய அமுக்கு. லினக்ஸ்னு ஆரம்பிக்குத வரியோட கடைசியில ஒரு எடம் விட்டு நோமோட்செட்னு சேரு. அப்புறம் கன்ட்ரோலும் எக்ஸும். படம் வந்ததும் குதிக்காத, அது அந்த ஒரு தடவைக்குத்தான். உள்ள போயி டிரைவர் மேனேஜர்ல சரியான டிரைவரப் போடு. வைஃபை வரலன்னா போன யூஎஸ்பி வயருல மாட்டி டெதரிங்க ஆன் பண்ணு, வேலை நடக்கும்.

விண்டோஸையும் கூட வச்சிருக்கவனுக்கு, அதுக்குள்ள போனா கடிகாரம் அஞ்சர மணிநேரம் பின்னால ஓடும். ஒன்ன மாதிரி ஆபீசுக்குப் போறவனுக்கு அது தோதுதான்.

ஆனா ஒண்ணு கேக்கேன். எவனோ சொன்னாம்னு சூடோ போட்டு வந்ததையெல்லாம் டெர்மினல்ல ஒட்டுதியே, வழியில போறவன் வீட்டுச் சாவியக் கேட்டா குடுத்துருவியா? கேக்காமலே அழிக்குத 'ஆர்எம் மைனஸ் ஆர்எஃப்'னு ஒண்ணப் பாத்தா கும்பிட்டுட்டு வெலகிப் போ. போன தடவ எந்திரிக்கையில எங்க முட்டிச்சுன்னு கம்ப்யூட்டரே எழுதி வச்சிருக்கும். 'ஜர்னல்சிடிஎல் மைனஸ்பி மைனஸ்ஒண்ணு'ன்னு அடி. செவப்பா இருக்க வரிய மட்டும் வாசிச்சிட்டு எங்கிட்ட வா. சும்மா 'ஓடல மாமா'ன்னு வந்து நின்னன்னா, 'அப்படியா'ன்னுட்டு நான் வெத்தலையப் போட்டுக்கிடுவேன்.